மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள்

(நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாக, நூல் உதவிக் குழுவின் சார்பில் கல்லூரி மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டையொட்டிக் கிராமத்துப் பொது நூலகம் ஒன்றுக்கு உதவ வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தபோது அந்தப் பொறுப்பு எங்கள் ஐவரிடம் தரப்பட்டது. எங்களில் இருவர் ஓய்வுபெற்ற ஆசிரியைகள், ஒருவர் வங்கியில் வேலை, ஒருவர் பிரதேச செயலகத்தில், ஒருவர் வீட்டையும் தோட்டத்தையும் பார்ப்பவர். கிளைகளிலிருந்து பணம் வந்தது. "பெட்டி கட்டி அனுப்பலாமா?" என்ற கேள்வியும் கூடவே வந்தது. இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் பிள்ளைகள் வளர்ந்து வெளியேறிய வீடுகளில் அலுமாரி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. கொடுக்க மனமும் இருக்கிறது. நாங்கள் மூன்று மாத அவகாசம் கேட்டோம். முதலில் அங்கு வேலை செய்பவர்களோடு பழகுவோம், பிறகு சொல்கிறோம் என்றோம். அந்த மூன்று மாதங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம்.

நூலகத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்குள்ளவர்கள் அப்படிக் கேட்டுக்கொண்டார்கள். பஸ் பிரதான வீதியில் இறக்கிவிட்ட பிறகு வயலோரமாக ஒரு கட்டை நடக்க வேண்டும் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான பிரதேச சபைகளில் ஒன்றின் கீழ் அது இயங்குகிறது. நாங்கள் சிறுமிகளாக இருந்த காலத்தில் வாசிகசாலை என்றால் சனசமூக நிலையத்து விறாந்தைதான். ஆண்கள் பத்திரிகை வாசிப்பார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிளில் அதைக் கடந்து போவோம். உள்ளே போனவர்கள் எங்கள் ஐவரில் ஒருவரும் இல்லை. ஆகவே கிராமத்து நூலகம் என்பது எங்களுக்கும் புது உலகம்தான்.

அங்கே மூன்று பேர். நூலகர் ஓர் அம்மா, ஓய்வுபெற இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. நூலக உதவியாளர் முப்பதைத் தாண்டாத பிள்ளை. மூன்றாமவர் கதவு திறப்பது முதல் கணக்கெடுப்புக்குப் புத்தகம் தூக்குவது வரை எல்லாம் செய்யும் ஐயா. பதவிப் பெயர் சிற்றூழியர்.

முதல் நாள் நூலகர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற்கேள்வி, "படம் எடுக்கவோ வந்தனீங்கள்?" என்பது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒக்ரோபர் மாதம் தேசிய வாசிப்பு மாதம். பதாகை வரும், மாலை வரும், புத்தகக் கட்டு வரும், படமும் எடுத்தாகும். நவம்பரில் யாரும் வரமாட்டார்கள். நாங்கள் படம் எடுக்கவில்லை. அங்கத்துவப் படிவம் வாங்கி நிரப்பி, ஆளுக்கொரு புத்தகம் இரவல் எடுத்துக்கொண்டு வந்தோம். பதினான்கு நாள் முடியுமுன் திருப்பிக் கொடுக்கப் போனபோது நூலகர் கதிரையை விட்டு எழும்பவில்லை. "வாங்கோ, அதிலை இருங்கோ" என்று கையைக் காட்டினார். விருந்தாளி என்ற நிலையிலிருந்து வாசகர் என்ற நிலைக்கு உயர்ந்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம்.

மூன்றாம் முறைதான் பின்னறையைத் திறந்து காட்டினார். கூரை வரை பெட்டிகள். வெளிநாட்டிலிருந்து எவரோ நல்லெண்ணத்தோடு அனுப்பியவை. வேறொரு நாட்டுப் பாடத்திட்டத்துக்கான கணிதப் புத்தகங்கள், இன்று எந்தக் கணினியிலும் இல்லாத மென்பொருளுக்கான கையேடுகள், கலைக்களஞ்சியம் ஒன்றின் நான்கு தொகுதிகள் மட்டும். ஒரு நூலை வரவுப் பதிவேட்டில் பதிந்துவிட்டால் அது சபையின் சொத்து. பிறகு அதை நீக்க வேண்டுமென்றால் கணக்கெடுப்பு, அறிக்கை, அனுமதி என்று நீண்ட வழி. தொலைந்தால் விளக்கம் கொடுக்க வேண்டியவர் நூலகர். பதியாமல் வைத்தால், அன்பளிப்பு எங்கே என்று நாளைக்கு ஒருவர் வந்து கேட்பார். "பதிஞ்சால் பொறுப்பு, பதியாட்டில் பழி" என்றார் அந்த அம்மா. பெட்டிகளின் அடியில் கறையான் மண் ஏறியிருந்தது.

கறையான் விடயத்தில் ஐயாதான் நிபுணர். இறாக்கைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்திருக்கிறார். சுவரில் மண்கோடு ஏறினால் கண்ணில் படவேண்டுமாம். மாரி முடிந்ததும் புத்தகங்களை எடுத்துத் தட்டி, நிழலில் காற்றாட வைத்து, மறுபடி அடுக்குவார். வெயிலில் வைத்தால் தாள் மொறுமொறுத்துவிடும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தார். பத்திரிகை வாசிக்க வருபவர்கள் முதலில் மரண அறிவித்தல் பக்கத்தைத்தான் இழுப்பார்கள் என்பதால் அதைத் தனியாகப் பிரித்து வேறொரு மேசையில் வைப்பதும் அவருடைய ஏற்பாடு. ஒரு சண்டை குறைந்தது என்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் வெளியாகும் வர்த்தமானி வந்து சேர்ந்தால், பதவி வெற்றிடங்கள் உள்ள பக்கத்தில் ஈர்க்கு ஒன்றைச் செருகி வைப்பார். வேலை தேடும் பிள்ளைகள் வந்து பிரதி பண்ணிக்கொண்டு போவார்கள்.

உதவியாளரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளை ஆறு ஆண்டுகளாக அமைய அடிப்படையில் வேலை செய்கிறார். 1960இல் தொடங்கிய இலங்கை நூலகச் சங்கத்தின் பாடநெறியைத் தமிழில் படித்துக்கொண்டிருக்கிறார். புத்தக முதுகில் இலக்கம் ஒட்டும் வேலையில் எங்களில் இருவர் ஒரு பின்னேரம் கூட இருந்து உதவினோம். டூயி 1876இல் வெளியிட்ட தசாம்சப் பகுப்புத்தான் அங்கும். ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்று இலக்கம் போதும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. "எங்கடை ஆக்கள் ஒல்லிப் புத்தகம்தான் எழுதுகினம், அதிலை ஒட்டுறதுக்கு இவ்வளவு பெரிய நம்பர்" என்று அவர் சிரித்தார். சிரிப்பில் ஒரு கணக்கும் இருந்தது: ஈழத்து எழுத்துக்களைத் தேடி வருபவர்களுக்கு இலக்கம் மட்டும் உதவாது என்பதால், அந்த நூல்களின் முதுகில் சிறு பச்சைத் துண்டு ஒன்றும் ஒட்டுகிறார். சபை கேட்டதல்ல; அவராகச் செய்வது.

அவர் செய்யும் இன்னொரு வேலையும் எந்தக் கடமைப் பட்டியலிலும் இல்லை. வீடு திரும்பும் வழியில், நடக்க இயலாத ஏழெட்டு முதியவர்களுக்குச் சைக்கிள் கூடையில் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். எல்லாம் அவரவர் அட்டையில் முறையாகப் பதிந்துதான். அதில் ஒரு அம்மா எழுத்துப் பெரிதாக இருந்தால்தான் வாசிப்பார்; இன்னொருவருக்குப் புராணக் கதை வேண்டும், அழுகைக் கதை வேண்டாம். இந்தப் பிள்ளைக்கு நாளைக்கு வேறிடத்தில் நிரந்தர நியமனம் கிடைத்தால் போய்விடுவார். போகத்தான் வேண்டும். அப்போது அந்தக் கூடையும் நின்றுவிடும். பாடநெறிக் கட்டணத்தைச் சங்கம் கட்டலாமா என்று கேட்டோம். "கடனாகத் தாறதெண்டால் தாங்கோ" என்றார். கடனாகவே கொடுத்திருக்கிறோம், எழுத்தில்.

இனி, உங்களிடம் கேட்க வந்த விடயம். அந்தப் பிள்ளையின் மேசை இலாச்சியில் ஒரு கொப்பி இருக்கிறது. நூலகத்துக்கு வந்து இருந்து வாசித்துவிட்டுப் புத்தகத்தை வைத்துவிட்டுப் போகும் சிறுவர்களின் பெயர்கள் அதில் உள்ளன. வீட்டுக்கு எடுத்துப்போக அவர்களுக்கு அங்கத்துவம் இல்லை. அங்கத்துவம் வேண்டுமென்றால், அந்த நூலக விதிப்படி, சபைக்குச் சோலைவரி கட்டும் ஒருவரோ அரச உத்தியோகத்தர் ஒருவரோ ஓய்வூதியரோ பிணை ஒப்பமிட வேண்டும். இடம்பெயர்ந்து திரும்பி வந்து, உறவினர் காணியிலோ வாடகைக்கோ இருக்கும் குடும்பங்கள் அவை. தகப்பன் கூலி வேலை, தாய் தோட்ட வேலை. சோலைவரிப் பற்றுச்சீட்டு அவர்கள் கையில் இல்லை; உத்தியோகத்தரிடம் போய் ஒப்பம் கேட்கக் கூச்சம். பிள்ளையும் "எனக்கு இங்கை இருந்து வாசிக்கத்தான் விருப்பம்" என்று சொல்லிவிடும். ஐந்து மணிக்கு ஐயா யன்னலைச் சாத்தத் தொடங்கும்போது, கதை எந்தப் பக்கத்தில் நின்றதென்று பார்த்து வைத்துக்கொண்டு எழும்பும்.

விதியை நாம் குறை கூறவில்லை. பொதுச் சொத்தை யாரோ ஒருவர் பொறுப்பேற்கத்தான் வேண்டும். நூலகர் தாமே பலருக்குப் பிணை நின்றிருக்கிறார். ஒருவர் எத்தனை பேருக்கு நிற்கலாம் என்பதற்கும் அங்கே வரம்பு உண்டு. அவருடைய வரம்பு எப்போதோ முடிந்துவிட்டது.

யாருக்கும் பிணை நிற்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். எங்கள் தாய்மார் அந்தப் புத்தியைச் சும்மா சொல்லவில்லை. பிணை நின்று காணி இழந்த குடும்பங்களை அவர்கள் கண்டவர்கள். ஆகவே குழுவுக்குள் இரண்டு கூட்டங்கள் இதிலேயே போயின. வங்கிச் சகோதரி கணக்குப் போட்டுக் காட்டினார்: சிறுவர் அட்டைக்கு ஒரு தடவையில் இரண்டு நூல். இரண்டும் தொலைந்தாலும் அவற்றின் விலையும் தண்டமும்தான் எங்கள் தலையில். நாங்கள் ஒரு தடவை பட்டணத்துக்குப் போய்வரும் செலவு. ஆசிரியைகள் இருவரும் பிரதேச செயலகச் சகோதரியும் ஒப்பமிட்டார்கள். மற்ற இருவருக்கும் அந்தச் சபைப் பிரிவில் காணி இல்லாததால் தகுதி இல்லை. அந்தக் கவலை அவர்களுக்கு இன்னும் உண்டு. இதுவரை ஒரு புத்தகம் மழையில் நனைந்தது. பிள்ளை அழுதுகொண்டு வந்து கொடுத்தது. விலையைக் கட்டினோம், நனைந்த பிரதியைக் காயவைத்துப் பிள்ளையிடமே கொடுக்க வழியுண்டா என்று கேட்டோம், வழியில்லை என்றார் நூலகர். விதி விதிதான்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள் என்று எங்களில் எவரைக் கேட்டாலும் சொல்வோம். அந்த நூலகம் 1933இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் வீட்டிலிருந்து புத்தகம் இரவல் கொடுத்ததில் தொடங்கியது என்பது அவ்வளவு பேருக்குத் தெரியாது. பிற்காலத்தில் அதை அமைக்க ஆலோசனை வழங்கிய எஸ். ஆர். இரங்கநாதன், நூலகத்துக்கான ஐந்து விதிகளை 1931இல் எழுதியவர். உதவியாளர் அவற்றை விரல் மடக்கி எங்களுக்குச் சொன்னார். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல என்ற கருத்தில் வரும் முதலாம் விதியைச் சொன்னபோது அவருடைய கண் அந்தக் கொப்பியில்தான் இருந்தது.

பெட்டி அனுப்ப நினைக்கும் சகோதரிகளுக்கு நூலகர் ஒரு பட்டியல் தந்திருக்கிறார். இங்கேயே வாங்கக்கூடிய தமிழ்ச் சிறுவர் நூல்கள், தரம் ஐந்து புலமைப்பரிசில் வினாத்தாள் தொகுப்புகள், முதியோருக்குப் பெரிய எழுத்து நூல்கள், இரண்டு இரும்பு இறாக்கைகள், ஒரு மின்விசிறி. இன்னும் ஒன்று எங்களை வியக்க வைத்தது: பழைய மலர்களும் கல்வெட்டுகளும் இருந்தால் கேட்கிறார். அந்தியேட்டிக்கு அச்சிடும் கல்வெட்டுகளை அவர் தனி இறாக்கையில் சேர்த்து வைத்திருக்கிறார். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை விழா மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை எல்லாம் அதில் உண்டு. காணிப் பிரச்சினைக்குப் பரம்பரை தேடுபவர்களும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் அதைத் தேடி வருகிறார்களாம். 2005இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் இத்தகைய ஆவணங்களை மின்வடிவில் சேர்த்து வருவதை நீங்கள் அறிவீர்கள். கடதாசியாக இருப்பதை முதலில் ஒருவர் எறியாமல் வைத்திருந்தால்தானே அதுவும் நடக்கும். உங்கள் வீடுகளில் எமது கல்லூரியின் பழைய ஆண்டு மலர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். இந்த நூற்றாண்டு மலரிலும் ஒரு பிரதி அந்த இறாக்கைக்குப் போகும்.

வெளிநாட்டுச் சகோதரிகள் பட்டியலைப் பார்த்துப் பணமாக அனுப்பினால் போதும். புத்தகத்தை நூலகர் தெரிந்தெடுப்பார். நாட்டில் இருப்பவர்களில் ஆசிரியர்கள், அரச உத்தியோகத்தர்கள், ஓய்வூதியர்கள் எத்தனை பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

நூலகரும் உதவியாளரும் ஐயாவும் இன்று வந்திருக்கிறார்கள். நான்காம் வரிசையில் இருக்கிறார்கள். கொப்பியில் மீதியுள்ள பெயர்களுக்கான பிணைப் படிவங்கள் வாசலிலுள்ள மேசையில் அடுக்கியிருக்கின்றன. தேநீருக்குப் போகுமுன் ஒப்பமிடலாம். அடையாள அட்டை இலக்கமும் வேண்டும், கண்ணாடியை மறக்காமல் எடுத்துக்கொண்டு வாருங்கள்.