பச்சை டிக்கை நம்பாதீங்க: சர்வர் பேக்கப் எங்கெல்லாம் தோற்குது?

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, வாசிப்பதற்கு ஏற்றபடி எழுத்தில் தந்திருக்கிறோம்.)

இந்த எபிசோட் சென்னை ரூமிலிருந்து வரல. தேனி மாவட்டம், போடி மேற்கு மலையடிவாரத்துல இருக்குற பொட்டிப்புரத்திலிருந்து பேசறேன். ரெண்டு வாரம் ஊர்ல இருந்தே வேலை. மைக்ல காத்துச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, இந்தப் பக்கம் காத்து அப்படித்தான்.

போன மாசம் வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்வி: "பேக்கப் ஃபெயில் ஆகுதுண்ணே, எங்கிருந்து பார்க்க ஆரம்பிக்கிறது?" இன்னிக்கு அதுக்கு ஒரு வரிசை சொல்லப் போறேன். அதுக்கு முன்னாடி, எந்த டேட்டாவுக்காக இவ்வளவு மெனக்கெடணும்னு ஒரு தெளிவு வேணும்.

திரும்ப வராத டேட்டா எது?

பொட்டிப்புரம்னாலே பல பேருக்கு நியூட்ரினோ ஞாபகம் வரும். 2015 ஜனவரியில மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த ஆய்வகம். மலைக்குள்ள சுமார் 2 கி.மீ. சுரங்கம், 50,000 டன் எடையில இரும்பு டிடெக்டர்னு திட்டம். மக்கள் எதிர்ப்பு, வழக்கு, மாநில அரசோட எதிர்ப்புன்னு போய், டிடெக்டர் இங்க வரல. அந்த விவாதம் தனி எபிசோடுக்கு உரியது. எனக்கு இன்னிக்கு வேண்டியது நியூட்ரினோ டேட்டாவோட ஒரு குணம் மட்டும்தான்.

1987 பிப்ரவரி 23. பக்கத்து கேலக்ஸியில வெடிச்ச ஒரு நட்சத்திரத்திலிருந்து வந்த நியூட்ரினோக்கள் பூமியைக் கடந்து போச்சு. ஜப்பான்ல கமியோகாண்டே டிடெக்டர்ல பதிவானது 11. எல்லாமே ஒரு கால் நிமிஷத்துக்குள்ள. அந்த நேரத்துல யாரும் திரையைப் பார்த்துட்டு உட்காரல. காந்த நாடாவுல பதிவாகி இருந்ததை, நட்சத்திரம் வெடிச்ச செய்தி வந்த பிறகு தேடி எடுத்தாங்க. அந்த நாடா கெட்டுப் போயிருந்தா, "இன்னொரு தடவை வெடி"ன்னு நட்சத்திரத்துகிட்ட கேட்க முடியாது.

உங்க சர்வர்லயும் இப்படி ரெண்டு வகை இருக்கு. ஆப்பரேட்டிங் சிஸ்டம், நீங்க இன்ஸ்டால் பண்ண பேக்கேஜ், கிட்ல இருக்குற கோட் எல்லாம் திரும்பக் கிடைக்கும். கஸ்டமர் நேத்து சாயங்காலம் போட்ட ஆர்டர், நோயாளியோட டெஸ்ட் ரிசல்ட், யாரோ அப்லோட் பண்ண போட்டோ, இதெல்லாம் திரும்ப வராது. மொதல்ல இந்த ரெண்டாவது லிஸ்டை எழுதுங்க. பல பேக்கப்புல டேட்டாபேஸ் இருக்கும், ஆனா அப்லோட் ஃபோல்டர் இருக்காது. அது தெரியவர்றது சர்வர் போன அன்னிக்குத்தான்.

சரி, வரிசைக்கு வருவோம். அஞ்சு கேள்வி.

1. ஓடுச்சா?

கையால ஓட்டினா ஓடுது, ராத்திரி கிரான்ல ஓட மாட்டேங்குது. அடிக்கடி வர்ற புகார் இதுதான். நீங்க லாகின் பண்ணும்போது இருக்குற பாத், என்விரான்மென்ட் வேரியபிள் எல்லாம் கிரானுக்குக் கிடையாது. ஸ்கிரிப்ட்ல ஒவ்வொரு கமாண்டுக்கும் முழு பாத் கொடுங்க. சர்வரோட டைம்சோன் யுடிசியில இருக்கான்னு பாருங்க. நீங்க ராத்திரி 2 மணின்னு நினைச்சு வச்சது நம்ம நேரத்துக்குக் காலை 7.30-க்கு ஓடிட்டு இருக்கும், ஆபீஸ் திறக்குற நேரம்.

அடுத்தது, ஓட ஆரம்பிச்சு முடியாம போறது. கணக்கு போட்டுப் பாருங்க. 500 ஜிபி டேட்டா, அப்லோட் வேகம் 20 எம்பிபிஎஸ். வேற எதுவும் அந்த லைன்ல ஓடலைன்னாலும் ஏறி முடிக்க 55 மணி நேரத்துக்கு மேல ஆகும். இதைத் தினமும் ராத்திரி முழுசா அனுப்பினா, முந்தா நாள் வேலை முடியறதுக்குள்ள இன்னிக்கு வேலை ஆரம்பிச்சிடும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு மிதிச்சுக்கும். முதல் தடவை மட்டும் முழு காப்பி, அப்புறம் மாறினது மட்டும்னு இன்கிரிமெண்டலுக்கு மாறுங்க. ஒரு லாக் ஃபைல் வச்சு, பழைய வேலை ஓடும்போது புதுசு ஆரம்பிக்காத மாதிரி தடுங்க.

2. முழுசா எழுதுச்சா?

டேட்டாபேஸ் டம்ப் எடுத்து, பைப் போட்டு ஜிஸிப்புக்குத் தள்ளுறோம். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை யாரோ மாத்திட்டாங்க. டம்ப் கமாண்ட் விழுந்திடுச்சு. ஆனா ஷெல் பார்க்கிறது கடைசி கமாண்டோட எக்ஸிட் கோடை மட்டும். ஜிஸிப் பாவம், ஒண்ணுமே வராததை ஒழுங்கா சுருக்கி, 20 பைட் ஃபைல் ஒண்ணு எழுதி வச்சுட்டு, "வெற்றி"ன்னு சொல்லிடும். தினமும் தேதி போட்ட ஃபைல் வரிசையா நிக்கும். எல்லாம் 20 பைட்.

பேஷ் ஸ்கிரிப்ட்னா மேலேயே பைப்ஃபெயில் ஆப்ஷனைப் போடுங்க. நேத்து ஃபைலைவிட இன்னிக்கு ஃபைல் பாதியா சுருங்கினா அலர்ட் அடிக்கணும். மைஎஸ்க்யூஎல் டம்ப்னா கடைசி வரியில "டம்ப் கம்ப்ளீட்டட்"னு ஒரு குறிப்பு இருக்கும். அது இல்லைன்னா பாதியில அறுந்திருக்கு.

இன்னொண்ணு, டேட்டாபேஸ் ஓடிட்டிருக்கும்போதே அதோட ஃபைல்களை நேரடியா காப்பி பண்ணாதீங்க. முதல் ஃபைல் 2 மணி நிலை, கடைசி ஃபைல் 2.20 நிலைன்னு கிடைக்கும். அதுக்குன்னு இருக்குற டம்ப் கருவியோ ஸ்னாப்ஷாட்டோ பயன்படுத்துங்க.

3. எங்க எழுதுச்சு?

போடியில எனக்குத் தெரிஞ்ச ஒரு ஏலக்காய் வியாபாரி. போடி ஏலக்காய்க்குப் பேர் போன ஊர், ஸ்பைசஸ் போர்டோட மின்னணு ஏல மையமே அங்க இருக்கு. அவர் கடையில ஒரு சின்ன லினக்ஸ் சர்வர். மலையில தோட்டம் வச்சிருக்குறவங்களுக்குக் கொடுத்த அட்வான்ஸ், வந்த மூட்டை, பாக்கி எல்லாம் அதுக்குள்ள. பக்கத்துல ஒரு வெளி ஹார்ட் டிஸ்க், தினமும் ராத்திரி பேக்கப். காலையில திரையில பச்சை டிக் வரும்.

ஒரு நாள் சர்வருக்குள்ள இருந்த டிஸ்க் செத்துப்போச்சு. என்னைக் கூப்பிட்டாரு. "தம்பி, பேக்கப் இருக்குல்ல, ஏத்திவிடு. சீசன் நேரம்."

வெளி டிஸ்க்கை மாட்டிப் பார்த்தா, கடைசி காப்பி அஞ்சு மாசம் பழசு.

"என்ன தம்பி சொல்ற? நேத்துகூட பச்சை வந்துச்சே!"

"வந்துருக்கும்ணே. ஆனா எழுதினது இந்த டிஸ்க்குல இல்ல."

நடந்தது இதுதான். அஞ்சு மாசம் முன்னாடி கரண்ட் போய், சர்வர் திரும்ப ஆன் ஆகியிருக்கு. வெளி டிஸ்க் மட்டும் மவுன்ட் ஆகல. மவுன்ட் ஆகலைன்னாலும் அந்த ஃபோல்டர் காலியா இருக்கும் இல்லையா? ஸ்கிரிப்ட் அந்தக் காலி ஃபோல்டர்ல எழுதியிருக்கு. அதாவது சர்வரோட சொந்த டிஸ்க்குலயே. ஏழு நாளைக்கு மேல பழைய காப்பியை அழிச்சிடும்ங்கறதால டிஸ்க் நிறையவும் இல்ல, யாருக்கும் சந்தேகமும் வரல. டிஸ்க் செத்தப்போ, அசலும் நகலும் சேர்ந்தே போச்சு.

அந்த அஞ்சு மாசத்தைக் காப்பாத்தினது அவங்க கணக்குப்பிள்ளை. கம்ப்யூட்டர் வந்த பிறகும் அவர் கையால சிட்டை எழுதறதை விடல. மூணு வாரம் உட்கார்ந்து எல்லாத்தையும் திரும்ப ஏத்துனாங்க. சிட்டையில இல்லாத சில அட்வான்ஸை, தோட்டக்காரங்க சொன்னதை நம்பித்தான் எழுத வேண்டியிருந்துச்சு. நல்லவங்க, சரியாத்தான் சொன்னாங்கன்னு அண்ணன் சொல்றாரு. ஆனா ரெண்டு பேர்கிட்ட வாக்குவாதம் ஆயிடுச்சு, அதுல ஒருத்தர் இப்போ வேற கடைக்குப் போடறாரு.

ஸ்கிரிப்ட் தொடங்கும்போதே அந்த ஃபோல்டர் நிஜமா மவுன்ட் ஆகியிருக்கான்னு சோதிக்கிற ஒரே ஒரு வரி இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். இடம் இருக்கான்னு பார்க்கும்போது ஜிபி மட்டும் பார்க்காதீங்க, ஐநோடும் பாருங்க. சின்னச் சின்ன ஃபைல் லட்சக்கணக்குல இருந்தா, டிஸ்க்குல இடம் இருக்கும்போதே ஐநோட் தீர்ந்து "இடமில்லை"ன்னு வரும்.

4. அசலோட சேர்ந்து போகுமா?

ஒரே டிஸ்க், ஒரே ரூம், ஒரே கட்டடம், ஒரே பாஸ்வேர்ட். இதுல எது ஒண்ணா இருந்தாலும் ரெண்டும் சேர்ந்து போக வாய்ப்பு இருக்கு. 2021 மார்ச் 10-ம் தேதி பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துல ஓவிஹெச் கம்பெனியோட டேட்டா சென்டர் தீப்பிடிச்சது. பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்தவங்கள்ல சிலருக்கு எதுவுமே மிஞ்சல.

நம்ம நாட்டுல, 2022 நவம்பர் 23-ம் தேதி டெல்லி எய்ம்ஸ்ல ரேன்சம்வேர் தாக்குதல். அஞ்சு சர்வர், சுமார் 1.3 டிபி டேட்டா என்கிரிப்ட் ஆச்சுன்னு அரசு நாடாளுமன்றத்துல சொன்னது. ஓபி சீட்டிலிருந்து எல்லாம் கையால எழுத வேண்டிய நிலை. பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால இ-ஹாஸ்பிடல் டேட்டாவை மீட்டாங்க. ஆனா பதிவு, அட்மிஷன், டிஸ்சார்ஜ் மாதிரி பெரும்பாலான வேலைகள் திரும்ப வர ரெண்டு வாரம் ஆச்சு. டேட்டா இருக்குறது ஒரு விஷயம், எவ்வளவு நேரத்துல திரும்ப ஓட வைக்கிறோம்ங்கறது இன்னொரு விஷயம்.

ரேன்சம்வேர் உள்ள வந்தா, சர்வர் எதையெல்லாம் எழுத முடியுமோ அதையெல்லாம் என்கிரிப்ட் பண்ணிடும், எப்பவும் மவுன்ட் ஆகி இருக்குற பேக்கப் உட்பட. அதனால ஒரு காப்பியாவது சர்வரால அழிக்க முடியாத இடத்துல இருக்கணும். பழைய 3-2-1 கணக்கு இன்னிக்கும் சரிதான்: மூணு காப்பி, ரெண்டு விதமான மீடியா, ஒண்ணு வெளியூர்ல. ரெப்ளிகாவை பேக்கப்னு எண்ணாதீங்க. இங்க டெலீட் பண்ணா அங்கயும் சில நொடியில டெலீட் ஆகிடும். என்கிரிப்ட் பண்ண பேக்கப்னா, அதோட சாவியை அதே சர்வர்ல மட்டும் வைக்காதீங்க.

5. திருப்பிப் போட முடியுதா?

2017 ஜனவரி 31, கிட்லேப். ரெப்ளிகேஷன் பிரச்சினையைச் சரி பண்ணிட்டிருந்த இன்ஜினியர், தவறுதலா உண்மையான புரொடக்‌ஷன் டேட்டாபேஸ்ல அழிக்கிற கமாண்டை ஓட்டிட்டாரு. ஓரிரு நொடியில நிறுத்தினாரு. அதுக்குள்ள சுமார் 300 ஜிபியில 4.5 ஜிபிதான் மிச்சம்.

பேக்கப்பைத் தேடினாங்க. எஸ்3 பக்கெட் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, ஆனா டம்ப் எடுத்த கருவி 9.2. பதிப்பு பொருந்தாம தினமும் விழுந்திருக்கு. விழுந்தப்போ மெயிலும் போயிருக்கு. அந்த மெயில்ல சரியான கையொப்பம் இல்லாததால டிமார்க் விதிப்படி நிராகரிக்கப்பட்டு, யார் கைக்கும் வரல. டிஸ்க் ஸ்னாப்ஷாட் டேட்டாபேஸ் சர்வர்களுக்கு ஆன் செய்யப்படவே இல்ல. கடைசியில கைகொடுத்தது, வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி ஒருத்தர் கையால எடுத்த ஸ்னாப்ஷாட். அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். இதை எல்லாம் அவங்களே வெளிப்படையா எழுதினாங்க, மீட்கிற வேலையை யூடியூப்ல லைவா காட்டினாங்க. அதனாலதான் இன்னிக்கு நாம இதைப் படிக்க முடியுது.

இதிலிருந்து ரெண்டு வேலை எடுத்துக்கலாம். ஒண்ணு, "தோத்தா மெயில் அனுப்பு"ன்னு வைக்காதீங்க. மெயிலே தோத்துப் போகும். வேற ஒரு மெஷின், "வெற்றிச் செய்தி 26 மணி நேரமா வரலையே"ன்னு கத்தற மாதிரி வைங்க. பேக்கப் ஓடலைன்னாலும், சர்வரே செத்தாலும் அது கத்தும்.

ரெண்டு, மாசம் ஒரு தடவை, வேற ஒரு மெஷின்ல, காலியிலிருந்து ரீஸ்டோர் பண்ணிப் பாருங்க. கடைசி ஆர்டர் நம்பர், மொத்த வரிசை எண்ணிக்கை ரெண்டையும் அசலோட ஒப்பிடுங்க. எத்தனை நிமிஷம் ஆச்சுன்னு எழுதி வைங்க. முடிஞ்சா ஸ்கிரிப்ட் எழுதினவரைத் தவிர டீம்ல வேற யாரையாவது செய்யச் சொல்லுங்க. அவங்க எங்க தடுமாறுறாங்களோ, அங்கதான் உங்க குறிப்புல ஓட்டை இருக்கு. நீங்க லீவுல இருக்கும்போது சர்வர் போனா அவங்கதான் செய்யணும்.

இந்த வாரம்

எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்த வேண்டாம். இன்னிக்கு ராத்திரி உங்க கடைசி பேக்கப் ஃபைல் ஒண்ணை எடுங்க. சைஸ் பாருங்க. அதே டிஸ்க்குல இருக்கான்னு பாருங்க. உங்க லேப்டாப்புல, கஸ்டமர் டேட்டான்னா ஆபீஸ் டெஸ்ட் மெஷின்ல, திறந்து ஏத்திப் பாருங்க. ஏறுச்சுன்னா நிம்மதியா தூங்கலாம். ஏறலைன்னா, அசல் இன்னும் உயிரோட இருக்கும்போதே உங்களுக்குத் தெரிஞ்சிடுச்சு, அதுவும் நல்லதுதான்.

என்ன எரர் வந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க, கம்பெனி பேர் வேண்டாம். அடுத்த எபிசோடுல அதுல நாலைஞ்சு எரரை எடுத்துப் பிரிச்சுப் பார்ப்போம்.