தராசுத் தட்டில் ஒரு தளிர்

(மாதர் மன்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



நாடகம் எழுதுபவன் நான். என் நாடகங்களில் கடைசிக் காட்சி பெரும்பாலும் கலியாணக் காட்சிதான். மாலை மாறும், மங்கல இசை முழங்கும், திரை விழும், கைதட்டல் எழும். அத்துடன் ஆசிரியன் கடமை தீர்ந்தது! ஆனால், வாழ்க்கையிலோ அந்தத் திரை விழுந்த பின்னர்தான் கதையே தொடங்குகிறது. சில வீட்டுக் கதைகள் குடும்ப நீதிமன்றத்தின் படிக்கட்டிலே வந்து நிற்கின்றன. கணவன் ஒரு புறம். மனைவி ஒரு புறம். நடுவிலே, யார் கையைப் பிடிப்பது என்று தெரியாமல் விழிக்கும் ஒரு குழந்தை! அந்தக் குழந்தைக்காகத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். கறுப்பு அங்கி அணிந்தவனல்லன். எனினும் சட்டம் வழக்கறிஞர்க்கு மட்டும் உரியதன்று. அதன் கீழ் வாழ்வோர் அனைவரும் அறிய வேண்டியது. நம் நாட்டில் மதத்துக்கொரு மணச் சட்டம் உண்டு. நான் பேசப்போவது இந்து சட்டத்தின் கீழ் மணந்தோரைப் பற்றி.

"மணவிலக்கா? மானம் போகுமே! மரபு கெடுமே!" என்று பதறுவோர் உண்டு. ஆடவன் எத்தனை மனைவியரையும் கொள்ளலாம், பெண் எத்தனை கொடுமையையும் தாங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்ததே, அந்த மரபையா காக்க வேண்டும்? 1949-இல் சென்னை மாகாணம் இருதார மணத்தைத் தடுத்தது. மணவிலக்குக்கும் வழி வகுத்தது. இந்து சட்டத் தொகுப்பு மசோதா இழுத்தடிக்கப்பட்டது கண்டு, 1951-இல் அமைச்சர் பதவியையே துறந்தார் டாக்டர் அம்பேத்கர். 1955-இல் இந்து திருமணச் சட்டம் வந்தது. இருவரும் மனமொத்துப் பிரிவதற்கு 1976-இல் இடம் கிடைத்தது. இந்தக் கதவு தானாகத் திறந்ததன்று, தோழர்களே! தட்டித் தட்டித் திறக்கப்பட்டது!

கதவு திறந்தது, நல்லது. வெளியே வருகிறவள் கையிலே என்ன இருக்கிறது?

பிறந்த வீட்டுப் பங்கைக் கேளுங்கள். பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அறுபதாண்டு கழித்து, 1989-இல், அதுவரை மணமாகாதிருந்த மகளிர்க்குத் தமிழ்நாடு அந்த உரிமையை அளித்தது. 2005-இல் அது நாட்டுக்கே சட்டமாயிற்று. மகளும் மகனைப் போலவே பிறப்பால் பங்குடையவள் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

சீதனத்தைக் கேளுங்கள். அது அவளுடையது. கணவன் பெட்டியில் இருப்பதாலேயே நகை கணவனுடையது ஆகிவிடாது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது.

இனி, புகுந்த வீட்டைக் கேளுங்கள்! பதினைந்து ஆண்டு அடுப்பின் முன் வெந்தாள், நோயுற்றோரைப் பேணினாள், பிள்ளைகளை வளர்த்தாள். அவள் வீட்டைக் காத்ததால் அவன் வெளியே சென்று பொருள் ஈட்டினான். வீடு எழுந்தது, பத்திரத்தில் அவன் பெயர்! நிலம் வந்தது, பட்டாவில் அவன் பெயர்! பிரியும் நாளில் அவளுக்கு? ஜீவனாம்சம்! அதையும் மனுப் போட்டுக் கேட்க வேண்டும். குடியிருந்த வீட்டிலே தங்கியிருக்க 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வழி செய்கிறது. ஆனால், தங்கும் உரிமை வேறு, பங்கு வேறு.

மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் இருவருக்கும் சரிபாதி என்பது கோவாவில், போர்த்துகீசியர் காலம் முதல் இருந்துவரும் முறை. நமக்கு அத்தகைய சட்டம் இல்லை. 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கிலே, இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்த்த உழைப்பே என்று கூறிப் பாதிப் பங்கு அளித்தது. போற்றுகிறோம் அத்தீர்ப்பை! ஆனால், ஒரு வழக்கில் ஏற்றிய விளக்கு ஊருக்கெல்லாம் ஒளி தர, சட்டம் வேண்டுமன்றோ?

சொத்துக்கும் குழந்தைக்கும் என்ன தொடர்பு என்பீர்கள். சொல்லுகிறேன்.

குழந்தையைப் பொறுத்தவரை சட்டத்தின் நோக்கம் தூயது. காப்பாளர் பற்றிய 1956-ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து வயது நிரம்பாத குழந்தை பொதுவாகத் தாயிடம் இருக்கட்டும் என்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தையின் நலனே பெரிதென்கிறது. முதற்காப்பாளன் தந்தை, அவனுக்குப் பின்னரே தாய் என்றிருந்த சொல்லுக்குக் கூட, தந்தை உயிரோடிருக்கும்போதே தாய் காப்பாளராகலாம் என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் புதுப்பொருள் கண்டது.

ஆனால், தீர்ப்புக்கு முன்பே, திண்ணையிலே பேரம் நடக்கிறதே! "ஜீவனாம்சம் கேட்காதே, பிள்ளையை வைத்துக்கொள்" என்கிறான் அவன். வெறுங்கையோடு நிற்பவள் என்ன செய்வாள்? பிள்ளைக்காகப் பிழைப்பை விடுகிறாள். அல்லது பிழைப்புக்காகப் பிள்ளையை விடுகிறாள். "பணம் வந்தால்தான் பிள்ளை முகத்தைக் காட்டுவேன்" என்று சொல்லும் தாயும் உண்டு, மறைக்க மாட்டேன். இரண்டும் பேரம், இரண்டும் பாவம்! தராசின் ஒரு தட்டில் பொன். மறு தட்டில் பெற்ற பிள்ளை!

இந்தப் பேரம் ஒழிய வழி ஒன்றுதான். அவள் பங்கு இன்னது என்று சட்டமே வரையறுத்துவிட வேண்டும். பங்கு உறுதியானால், பிள்ளையை வைத்துப் பொருள் பேச இடமிராது. அப்போதுதான் நீதிமன்றம், குழந்தைக்கு எது நலம் என்ற ஒன்றை மட்டும் எடைபோட முடியும்.

அதுவரையில், தாய்மார்களே, வாங்கும் வீட்டின் பத்திரத்தில் உங்கள் பெயரும் ஏறட்டும். நகைக்கு ரசீது உங்கள் கையில் இருக்கட்டும். ஐயுற்று வாழச் சொல்லவில்லை. அறிந்து வாழச் சொல்லுகிறேன்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. கணவன் மனைவி என்ற உறவை நீதிமன்றம் அறுக்கலாம். தந்தை, தாய் என்ற உறவை அறுக்க எந்த மன்றத்துக்கும் ஆற்றலில்லை. படிக்கட்டில் நிற்கும் அந்தக் குழந்தைக்கு இரண்டு கைகளும் வேண்டும்.