மீனினப் பெருக்கமும் மீன்வளக் காப்பும்

மீன்கள் யாவும் ஒரே விதமாக இனம் பெருக்குவதில்லை. எவ்வினம் எவ்விடத்தில், எப்பருவத்தில், எம்முறையில் முட்டையிடுகிறது என்பதை அறியாமல் மீன்வள மேம்பாட்டுக்குத் திட்டம் வகுத்தல் இயலாது.

பெரும்பாலான மீன்களில் கருவுறுதல் உடலுக்கு வெளியே, நீரில் நிகழ்கிறது. கட்லா, ரோகு, மிருகால் ஆகிய பெருங்கெண்டைகள் முட்டைகளைக் காப்பதில்லை. ஆகவே லட்சக்கணக்கில் முட்டையிடுகின்றன. விரால் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் காவல் காக்கிறது. மொசாம்பிக் திலேப்பியாவின் பெண்மீன் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கிறது. இவ்விரண்டும் இடும் முட்டைகள் மிகக் குறைவு. கொசுப்புழு ஒழிப்பிற்குப் பயன்படும் கம்பூசியா குஞ்சுகளை ஈனுகிறது. சுறாக்களில் பலவும் குட்டியீனுபவை. அவை ஈனும் குட்டிகள் சில என்பதால், அளவுமீறிப் பிடித்தால் அவ்வினங்கள் மீண்டும் பெருக நெடுங்காலம் ஆகும்.

பெருங்கெண்டைகள் மழைக்கால வெள்ளம் பாயும் ஆறுகளில் முட்டையிடுபவை. குளத்தில் அவற்றின் சினை முதிர்ந்தாலும் முட்டை வெளிவருவதில்லை. எனவே மீன் வளர்ப்போர் ஆற்றில் திரட்டிய குஞ்சுகளையே நம்பியிருந்தனர். அவற்றுடன் வேண்டாத இனங்களும் கலந்திருந்தன. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் அறிவியலறிஞர் ஹீராலால் சௌத்ரியும் அவருடன் பணியாற்றியோரும் பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசிமூலம் செலுத்தி, இம்மீன்களைத் தேங்கிய நீரிலேயே முட்டையிடச் செய்தனர். தூண்டுமுறை இனப்பெருக்கம் எனப்படும் இம்முறையே நாட்டின் நன்னீர் மீன் வளர்ப்புக்கு அடித்தளமாயிற்று. அந்நாள் இன்று தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எனினும் எல்லா இனங்களுக்கும் ஊசி தீர்வாகாது. உல்லம் எனப்படும் ஹில்சா கடலில் வளர்ந்து, முட்டையிட ஆறுகளில் ஏறுகிறது. முன்னர் கங்கையில் அலகாபாத்தையும் கடந்து சென்ற இம்மீன், 1975-இல் பராக்கா அணை இயங்கத் தொடங்கியபின் மேல்நிலப் பகுதிகளில் அரிதாயிற்று. அங்கு அதனை நம்பி வாழ்ந்த மீனவர் குடும்பங்களின் வருவாயும் குன்றியது. அணை நீரைத் தேக்கியதோடு மீனின் வழியையும் மறித்தது.

பொரிப்பகங்களிலும் கவனம் தேவை. ஒரே குடும்பத்து மீன்களையே தலைமுறைதோறும் இணைத்தால் குஞ்சுகளின் வளர்ச்சியும் நோயெதிர்ப்பு ஆற்றலும் குறையும். ஆகவே தாய்மீன்களை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். அவ்வாறு மாற்றுவதற்குரிய நல்லின மீன்கள் ஆறுகளில்தான் உள்ளன. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்களுக்கு விசைப்படகு மீன்பிடிப்பு தடை செய்யப்படுவதும் இனப்பெருக்கத்தைக் காப்பதற்கேயாம். சினைமீனைக் காக்கும் இவ்வொழுங்கு ஆறுகளிலும் வேரூன்றுமாயின், பொரிப்பகமும் ஆறும் ஒன்றுக்கொன்று துணையாகும்.