புகைக்குழாயிற் பிறந்த வலு

மோட்டார்ச் சைக்கிளின் வேகத்தைக் கூட்ட விரும்புவோர் பெரும்பாலும் முதலிற் கைவைப்பது அதன் புகைக்குழாயிலேதான். சத்தத்தை அடக்கும் உள்தகடுகளைக் கழற்றிவிட்டால் வண்டி உறுமுகின்றது. உறுமுகின்ற வண்டி விரைந்து ஓடுவதாகவும் தோன்றுகின்றது. ஆயினும் காது கேட்கும் பலம் வேறு, சில்லைச் சேரும் பலம் வேறு. புகைக்குழாயினால் எஞ்சினுக்கு உண்மையாகவே வலுவூட்ட முடியுமா? முடியும் என்பதைப் பந்தயத் தளங்களில் நிலைநாட்டியவர் வால்ற்றர் காடன் என்னும் ஜேர்மன் பொறியியலாளர். கிழக்கு ஜேர்மனியிலே, சோப்பாவ் என்னும் சிறு நகரில் இயங்கிய எம்.இசெட். தொழிற்சாலையின் பந்தயப் பகுதிக்கு 1953ஆம் ஆண்டில் அவர் தலைமை ஏற்றார். பணவளம் மிக்க நிறுவனங்களோடு போட்டியிட வேண்டிய அவரிடம் இருந்தவை சிறியதொரு பட்டறையும் எளிமையான ஈரடிப்பு எஞ்சினுமே.

ஈரடிப்பு எஞ்சினிலே, நான்கடிப்பு எஞ்சினில் உள்ளவை போன்ற வால்வுகள் இல்லை. உருளையின் சுவரிலே துளைகள் உள்ளன. மேலும் கீழும் ஓடும் பிஸ்டனே அவற்றைத் திறந்து மூடுகின்றது. பிஸ்டன் கீழிறங்கும்போது முதலிலே புகைத்துளை திறக்கின்றது. எரிந்த வாயு வெளியேறுகின்றது. அடுத்துப் புதுக்கலவை புகும் துளைகள் திறக்கின்றன. பிஸ்டன் மேலேறும்போது இந்த ஒழுங்கு தலைகீழாகின்றது. கலவை புகும் துளைகள் முதலில் மூடிக்கொள்ள, புகைத்துளை சற்று நேரம் திறந்தே கிடக்கின்றது. உள்ளே வந்த புதுக்கலவையிற் ஒரு பகுதி அந்த வழியாகத் தப்பிப் போய்விடுகின்றது. காசு கொடுத்து வாங்கிய பெற்றோல் எரியாமலே வெளியேறுகின்றது. ஈரடிப்பு எஞ்சினின் பிறவிக் குறை இதுவேயாகும்.

இக்குறையை நீக்கும் வழி புகைக்குழாயிலேயே இருந்தது. புகைத்துளை திறந்தவுடன் ஓர் அமுக்க அலை குழாய் வழியே ஒலியின் வேகத்தில் ஓடுகின்றது. குழாய் படிப்படியாக விரிந்து செல்லுமாயின், அலையின் ஒரு பகுதி உறிஞ்சும் அலையாக மாறித் திரும்புகின்றது. அது உருளையில் எஞ்சிய புகையை வெளியே இழுத்து, புதுக்கலவையையும் விரைந்து வரச் செய்கின்றது. விரிந்த குழாய் பின்னர் ஒடுங்குமிடத்திலே அலை மோதி, அமுக்கும் அலையாகவே திரும்பி வருகின்றது. அது வந்து சேரும் வேளையிலே, குழாய்க்குள் தப்பியோடிய புதுக்கலவை மீண்டும் உருளைக்குள் தள்ளப்படுகின்றது. உடனே பிஸ்டன் துளையை மூடிவிடுகின்றது. அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத தகரக் குழாய், காற்றழுத்தும் பம்பியின் வேலையைச் செய்கின்றது.

இவ்வேலை எவ்வளவு நுட்பமானது என்பதைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். நிமிடத்துக்கு 10,000 முறை சுழலும் எஞ்சின், ஒரு சுற்றை ஒரு செக்கனின் ஆயிரத்தில் 6 பங்கு நேரத்தில் முடிக்கின்றது. புகைத்துளை ஏறத்தாழ அரைச்சுற்று நேரம், அதாவது ஆயிரத்தில் 3 பங்கு நேரமே திறந்திருக்கும். சூடான புகையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 500 மீற்றர் செல்லுமெனக் கொண்டால், அந்நேரத்தில் அலை ஒன்றரை மீற்றர் ஓடும். போய்த் திரும்ப வேண்டுமாகையால், அலை தெறிக்கும் இடம் துளையிலிருந்து முக்கால் மீற்றர் அளவில் அமைய வேண்டும். குழாயைச் சில சென்ரிமீற்றர் நீட்டினாலோ குறைத்தாலோ, அலை வேளை தவறி வந்து சேரும்.

விரிகுழாயின் எண்ணம் காடனுக்கு முன்னரே ஜேர்மனியிற் சிலரிடம் தோன்றியிருந்தது. குழாயினுள் எழும் அலைகளை அலைகாட்டிக் கருவியால் ஆராய்ந்து, குழாயையும் எஞ்சினையும் ஒன்றுக்கொன்று பொருத்தியதே அவருடைய சாதனை. குழாயோடு அவர் நிற்கவில்லை. டானியல் சிம்மர்மன் என்பவர் தம் பந்தய வண்டியிற் கையாண்ட சுழல்தட்டு வால்வை ஏற்றுக்கொண்டார். கலவை எஞ்சினுக்குள் புகும் வாயிலைப் பிஸ்டன் திறந்து மூடினால், முந்தித் திறக்கும் அளவுக்குப் பிந்தியே மூடும். சுழல்தட்டோ திறக்கும் நேரத்தையும் மூடும் நேரத்தையும் தனித்தனியே வகுக்க இடந்தந்தது. உருளைக்குக் கலவை செலுத்த மூன்றாவது துளையொன்றும் சேர்க்கப்பட்டது. அதன் வழியே வந்த குளிர்ந்த கலவை பிஸ்டனின் வெப்பத்தையும் தணித்தது.

1961ஆம் ஆண்டளவில், 125 கன சென்ரிமீற்றர் கொண்ட அச்சிற்றெஞ்சின் 25 குதிரைவலுவைத் தந்தது. லீற்றர் ஒன்றுக்கு 200 குதிரைவலு என்பது இதன் பொருள். காற்றை அழுத்திச் செலுத்தும் துணைக்கருவி எதுவுமின்றி அவ்வளவை எட்டிய முதல் எஞ்சின் அதுவே. ஆனால் அதற்கு விலையும் உண்டு. குழாய் எந்த வேகத்துக்கென்று வகுக்கப்பட்டதோ, அவ்வேகத்தை அண்டியே எஞ்சின் வலுவாக இழுக்கும்; அதற்குக் கீழே சோர்ந்து போகும். ஓட்டுநர் ஓயாது கியர் மாற்றி, எஞ்சினை அந்தக் குறுகிய எல்லைக்குள்ளே வைத்திருக்க வேண்டும். வெப்பம் மிகுந்தால் பிஸ்டன் இறுகிச் சில்லும் நின்றுவிடும்.

அந்த ஆண்டிலே காடனின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ற் டெக்னருக்கு 125 கன சென்ரிமீற்றர்ப் பிரிவின் உலகப் பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஓகஸ்ட் மாதத்திலே பேர்லின் நகரின் குறுக்கே மதில் எழுந்தது. செப்ரெம்பரில், சுவீடன் நாட்டுக் கிறிஸ்ரியான்ஸ்ராட் பந்தயத்தில் டெக்னரின் எஞ்சின் நடுவழியிற் கெட்டது. பந்தயம் முடிந்ததும் அவர் நாடு திரும்பவில்லை. அவருடைய மனைவி மக்களும் காரொன்றில் மறைத்து மேற்கே கொண்டுவரப்பட்டனர். உலகப் பட்டம் ஹொண்டா வண்டியோட்டிய ரொம் பிலிசைச் சேர்ந்தது. டெக்னர் யப்பானியச் சுசுகி நிறுவனத்தில் இணைந்தார். 1962ஆம் ஆண்டில், 50 கன சென்ரிமீற்றர்ப் பிரிவிலே சுசுகி ஓட்டி உலகப் பட்டம் வென்றார். ஈரடிப்பு எஞ்சினுக்குக் கிடைத்த முதல் உலகப் பட்டம் அது.

குழாயின் வெளித்தோற்றம் பந்தயத்துக்கு வந்தோர் யாவரும் கண்டதே. அதன் விரிவும் ஒடுக்கமும் எந்தத் துளைக்கு, எந்த வேளைக்கு, எந்த வேகத்துக்கு என்னும் அறிவே களவு போன செல்வம். பல்லாண்டு உழைப்பின் பயன் ஒரு மனிதரோடு எல்லை கடந்தது. காடன் சோப்பாவிலேயே தங்கித் தம் பணியைத் தொடர்ந்தார். வீதிப் பந்தய உலகப் பட்டம் எம்.இசெட். வண்டிக்கு என்றுமே கிடைக்கவில்லை. எனினும் அவர் வகுத்த முறையே 1975ஆம் ஆண்டில் 500 கன சென்ரிமீற்றர்ப் பிரிவையும் வென்றது. 2002இல் பெரும் பிரிவு நான்கடிப்பு எஞ்சினுக்கு மாறும்வரை அங்கு அம்முறை கோலோச்சியது. காடன் 1996ஆம் ஆண்டிற் காலமானார்.

சாதாரண வண்டியோட்டிக்கும் இவ்வரலாறு ஒரு பாடம் சொல்கின்றது. புகைக்குழாயை மாற்றினால் எஞ்சின் உள்ளிழுக்கும் காற்றின் அளவும் மாறலாம். காபுரேற்றரின் பெற்றோல் துவாரத்தை அதற்கேற்ப மாற்றாவிடின் கலவை மெலிந்து, வெப்பம் மிகுந்து, பிஸ்டன் உருகவும் கூடும். ஈரடிப்பு வண்டியின் குழாயை வெட்டித் திறந்தால், திரும்பி வர வேண்டிய அலையே இல்லாமற் போகும். சத்தம் பெருகி வலு குறையும். ஆதலால் ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்து, தீப்பொறிச் செருகியைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்து, பலனை அளந்து, பின்னரே அடுத்த மாற்றத்துக்குச் செல்வது அறிவுடைமை. செருகியின் முனை வெளிறியிருந்தால் கலவை மெலிந்தது. கரி படிந்திருந்தால் கலவை மிகுந்தது. இளங்கபிலமாக இருந்தால் அளவானது.

எஞ்சினின் உறுப்புகள் ஒரு குடும்பத்தார் போன்றவை. ஒருவரின் போக்கை மாற்றினால் மற்றவர்களும் அதற்கு இசைய வேண்டும். அந்த இசைவு கூடிய இடத்திலேதான் சோப்பாவின் சிறு பட்டறை உலகப் பெரு நிறுவனங்களுக்கு நிகராக நின்றது.