பனிமலைப் பூஞ்சையும் மூட்டு வலியும்



கோடை பிறந்து இமயத்தில் பனி உருகத் தொடங்கியதும், உத்தராகண்ட மாநிலத்துப் பித்தோராகர் மாவட்டத்தில் முன்ஸியாரி, தார்சூலா ஆகிய ஊர்ப்புறங்களில் சிற்றூர்கள் பல வெறிச்சோடிப் போகின்றன. ஆடவரும் பெண்டிரும் கூடாரமும் அரிசியும் சுமந்து, ‘புக்யால்’ எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளுக்கு ஏறிவிடுகின்றனர். ஈரப் புல்லில் குப்புறக் கிடந்து அவர்கள் தேடுவது, தரையினின்று சிறு குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் பழுப்பு நிறக் காம்பு ஒன்றையே. அதன் பெயர் கீடா ஜடி. திபெத்தியர் யார்சா கும்பு என்பர். கோடையில் புல், குளிரில் புழு என்பது பொருள்.

பெயர் பொய்யன்று. மண்ணுக்குள் வாழும் ஒருவகை அந்துப்பூச்சியின் புழுவை ஒரு பூஞ்சை பற்றுகிறது. உள்ளுறுப்புகளைத் தின்று தீர்த்து, தோலை மட்டும் கூடாக விட்டுவைக்கிறது. பனி நீங்கியதும் இறந்த புழுவின் தலையினின்று காம்பு முளைக்கிறது. அதனைப் புழுவோடு தோண்டியெடுக்கின்றனர். கிலோ ஒன்று பல இலட்சம் ரூபாய்க்கு விலைபோகிறது.

வடபுலத்தில் வாழும் நம்மில் ஒருவர், விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், மூட்டு வலியால் துன்புறும் அன்னைக்கு இதில் சிறிது வாங்கிச் செல்ல எண்ணுவது இயல்பே. வாங்குமுன் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு.

மூட்டு வீங்கிச் சிவந்து சூடேறி வலிப்பதை மருத்துவர் அழற்சி என்பர். காயத்தை ஆற்றவே உடல் இந்தத் தீயை மூட்டுகிறது; அணையவேண்டிய நேரத்தில் அணையாதபோதே அது நோயாகிறது. 1950-இல் பிரிட்டிஷ் ஆய்வாளர் சிலர், கார்டிசெப்ஸ் மிலிட்டாரிஸ் என்னும் பூஞ்சையினின்று கார்டிசெப்பின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். நம் உயிரணுக்களிலுள்ள அடினோசினைப் பெரிதும் ஒத்தது இது. ஓர் ஆக்சிஜன் அணு மட்டும் குறைவு. அழற்சியை மூட்ட உயிரணு புதிய கட்டளைச் சுருள்களை விரைந்து எழுதுகிறது. ஒவ்வொரு சுருளின் நுனியிலும் அடினோசின்களைக் கோத்து ஒரு வால் கட்டவேண்டும். அங்குக் கார்டிசெப்பின் நுழைந்தால், அடுத்த மணியைக் கோக்க இடமின்றி வால் நின்றுபோகிறது. இவ்வழியை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் கொர்னீலியா டி மூர் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்துள்ளனர். மூட்டுத் தேய்வுற்ற எலிகளுக்கு அதனை ஊட்டியபோது வலியும் அழற்சியும் குறைந்தன என்று 2019-இல் வெளியிட்டனர்.

செய்தி இனியதே. ஆனால் பனிமலைப் பூஞ்சை வேறு, மிலிட்டாரிஸ் வேறு. ஒரே குடும்பத்துக் கிளைகளாகச் சொல்லிவந்த இவற்றுள் முன்னதற்கு 2007-இல் ஒஃபியோகார்டிசெப்ஸ் சைனென்சிஸ் எனப் பேரினப் பெயரே மாறியது. ஷாங்காய் ஆய்வாளர் 2017-இல் மரபணுக்களை ஒப்பிட்டபோது, கார்டிசெப்பினை ஆக்கும் மரபணுக்கள் மிலிட்டாரிஸில் இருந்தன. இலட்சங்கள் விலைபெறும் பனிமலைப் பூஞ்சையில் இல்லை! மிலிட்டாரிஸையோ அரிசியின்மேல் புட்டியிலேயே வளர்த்துவிடலாம்.

அதனையேனும் அச்சமின்றி உண்ணலாமோ எனின், அங்கும் ஒரு சிக்கல். நம் குருதியிலுள்ள நொதி ஒன்று கார்டிசெப்பினை விரைவில் சிதைத்துவிடும். அந்நொதியைத் தடுக்கும் பென்டோஸ்டாட்டின் என்னும் பொருளையும் அதே பூஞ்சை உடன் சுரக்கிறது. இயற்கையின் சாமர்த்தியம் வியப்புக்குரியது. எனினும் பென்டோஸ்டாட்டின், இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கு மருத்துவர் மேற்பார்வையில் ஏற்றப்படும் கடும் மருந்து. அளவறியாது உண்பதை அந்த ஆய்வாளர்களே எச்சரித்துள்ளனர். மனிதரின் மூட்டு வலியைக் கார்டிசெப்பின் தீர்க்கும் என்பதோ இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.

பனிமலைப் பூஞ்சையின் புகழ் உலகெங்கும் பரவியது 1993-இல். சீன ஓட்ட வீராங்கனையர் உலகச் சாதனைகளைத் தகர்த்தபோது, பயிற்சியாளர் மா ஜுன்ரென் அதன் பெருமையையும் சொன்னார். அவருடைய வீராங்கனையர் சிலர் 2000-இல் குருதிச் சோதனைக்குப்பின் ஒலிம்பிக் அணியினின்று நீக்கப்பட்டனர் என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. இப்பூஞ்சைச் சரக்குகளில் ஆர்சனிக் அளவுக்கு மீறியுள்ளது எனச் சீன அரசின் மருந்து நிர்வாகமே 2016-இல் எச்சரித்ததையும் அவ்வாறே. உறுப்பு மாற்றம் செய்துகொண்டோரும், குருதி உறையாமைக்கு மருந்துண்போரும் தம் மருத்துவரைக் கேளாது இதனைத் தொடலாகாது.

மலைமக்களை நாம் குறைகூறவில்லை. ஓரிரு மாதத் தேடலில் கிடைப்பதைக் கொண்டே ஆண்டு முழுதும் குடும்பம் நடத்துவோர் அவருள் பலர். பிள்ளைகளின் பள்ளிச் சம்பளமும் அதிலிருந்தே. அப்பூஞ்சையோ அருகி வருகிறது. பதினைந்து ஆண்டுகளில் முப்பது விழுக்காடேனும் குறைந்ததெனக் கணித்து, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020-இல் அழிவாய்ப்புள்ள உயிர்களின் பட்டியலில் அதனைச் சேர்த்தது. வித்துத் தூவுமுன்னரே காம்பைப் பிடுங்கிவிடுவதால், முன்னர் ஒரு நாளில் கிடைத்த அளவுக்கு இப்போது பல நாள் தவழவேண்டியுள்ளது.