கண்ணெதிர்த் தீவு



ஒரு நட்பு பத்தாம் ஆண்டைக் காண்பது எளிய செய்தியன்று. அவ்வாறு பத்தாண்டு கண்ட நண்பர் இருவர், முன்னேற்பாடு ஏதுமின்றி ஒரு சிறு தீவில் கால்வைத்த நிகழ்ச்சியே இவ்வுரையின் பொருளாகும். ஒருவர் ஆங்கில அகராதியை 1755இல் வெளியிட்ட சாமுவேல் ஜான்சன். மற்றவர் ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஜேம்ஸ் பாஸ்வெல். இலண்டனில் ஒரு புத்தகக் கடையில் 1763 மே 16ஆம் நாள் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தனர். அடுத்த ஆண்டிலேயே ஜான்சனும் ஓவியர் ரெனால்ட்சும் வேறு சில நண்பர்களும் கூடி ஓர் இலக்கியக் கழகத்தைத் தோற்றுவித்தனர். பாஸ்வெல் அக்கழகத்தின் உறுப்பினராக 1773 ஏப்ரலில்தான் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டின் கோடையில் இருவரும் ஸ்காட்லாந்தின் மேலைத் தீவுகளைக் காணப் புறப்பட்டனர்.

1773 ஆகஸ்டு 18ஆம் நாள் எடின்பரோவை நீங்கி, லீத் துறையில் படகேறி, எதிர்க்கரையிலுள்ள கிங்ஹார்ன் நோக்கிச் சென்றனர். வழக்கறிஞர் வில்லியம் நேர்ன் என்பாரும் உடன் சென்றார். இடையே ஃபோர்த் கடற்கழியில் இன்ச்கீத் என்னும் பாறைத் தீவு தென்பட்டது. காண வேண்டும் என்னும் ஆவல் எழவே, படகு அங்குத் திரும்பிற்று. சிதைந்த பாறைகளின்மேல் அரிதின் ஏறிக் கரை சேர்ந்தனர்.

இங்கு ஜான்சன் ஒரு செய்தியைக் குறிக்கிறார். உடன்வந்த ஸ்காட்லாந்தியர் இருவரும் வாழ்நாளெல்லாம் அத்தீவைக் கண்ணெதிரே கண்டவர்கள். அதுவும் அவர்களை ஓயாது அழைத்துக்கொண்டே இருந்தது. எனினும் அவர்கள் ஒருமுறையேனும் அங்குச் சென்றதில்லை. அறுபத்து மூன்று வயது முதியவர், அதுவும் அயல்நாட்டார், வந்து அழைத்துப்போக வேண்டியிருந்தது. சேய்மையிலுள்ளதை நாடி அண்மையிலுள்ளதை மறத்தல் மாந்தர் இயல்பு. எழுதுவோரிடத்தும் இவ்வியல்பு உண்டு.

அத்தீவோ வரலாற்றில் வறியதன்று. ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸ் 1493இல் குழந்தைகள் இருவரை ஊமைப் பெண் ஒருத்தியின் காப்பில் அங்கு வைத்ததாகப் பழைய வரலாற்றாசிரியர் பிட்ஸ்காட்டி எழுதியுள்ளார். பேச்சொலி கேளாது வளரும் குழந்தைகள் எம்மொழியைப் பேசும் என்று அறிய மன்னர் விரும்பினாராம். எபிரேய மொழி பேசினர் எனச் சிலர் சொல்வதாகக் கூறும் அவ்வாசிரியரே அதற்கு உறுதி கூறவில்லை. இதனை நம்புவார் இன்று இலர். ஒருவர் பேச மற்றவர் கேட்கும்போதே மொழி தளிர்க்கும். நோயுற்றோர் எடின்பரோவிலிருந்து 1497இல் விலக்கி வைக்கப்பட்டதும் இத்தீவிலேதான். பாழ்பட்ட கோட்டையின் கல்லொன்றில் அரசி மேரியின் பெயரும் 1564 என்னும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருந்ததை நண்பர்கள் கண்டனர்.

ஒரே நாள், ஒரே தீவு; எனினும் நூல்கள் இரண்டு. ஜான்சனின் பயணநூல் 1775இல் வெளிவந்தது. அதில் அவர் மெல்லிய மண் போர்த்த பாறையையும், முட்செடிகளையும், கோடையில் மேயும் பசுக்களையும் சுருங்கச் சொல்கிறார். இத்தீவு இலண்டனுக்கு இவ்வளவு அண்மையில் இருந்திருப்பின், இச்சில காணி நிலத்தைப் போட்டியிட்டு விலைகொடுத்து வாங்கி, பெரும்பொருள் செலவிட்டு அணிசெய்திருப்பர் என்று சொல்லி மேற்செல்கிறார். அங்குப் பேசுபவர் அறிஞர்.

ஜான்சன் 1784 டிசம்பரில் மறைந்தார். பாஸ்வெலின் நூல் 1785இல் வெளிவந்தது. அதில் காணப்படுபவரோ மனிதர். முட்செடிகளுக்கும் காஞ்சொறிகளுக்கும் இடையே ஓர் அரக்கனைப் போல் அவர் நடந்து திரிகிறார். இத்தீவு தமக்குக் கிடைத்தால் வீடு கட்டி, நல்ல படகுத்துறை அமைத்து, தோட்டமும் திராட்சைக் கொடியும் பலவகை மரங்களும் வளர்க்கலாம் என்று கனவு காண்கிறார். விருந்தோம்பும் செல்வர் ஒருவர் இங்கு வாழ்ந்தால் எடின்பரோவிலிருந்து பலர் வருவர் என்றும் கூறுகிறார். படகில் மீண்டும் ஏறியதும், தீவுக்கு விடைகூறச் செவ்வியல் முறையில் ஒரு பாராட்டுரை சொல்லுமாறு நண்பரைத் தூண்டுகிறார். கல்லில் கண்ட அரசியின் பெயரை நினைந்து, டைடோ அரசியின் கரையை மனமின்றி நீங்கியதாக ஈனியஸ் கூறும் வர்ஜிலின் அடியைப் பாஸ்வெல் சொல்கிறார். ஜான்சன் மகிழ்ந்து பாராட்டுகிறார். இந்தக் கனவும் இந்த விளையாட்டும் ஜான்சனின் நூலில் இல்லை. பாஸ்வெல் எழுதிவைத்திராவிடின் அவை அந்நாளோடு மறைந்திருக்கும். அப்பயணத்தில் பாஸ்வெல் எழுதிய நாட்குறிப்பின் கையெழுத்துப்படி 1930இல் அயர்லாந்தின் மாலஹைடு மாளிகையில், விளையாட்டுப் பொருள் வைக்கும் பெட்டி ஒன்றுக்குள் கிடைத்தது என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கவிஞர்கள் உளங்கொள்ள வேண்டிய செய்தி மற்றொன்றும் உண்டு. இன்ச்கீத்தைத் தாங்கள் கண்டுபிடித்ததைப் பயணநூலாரின் வழக்கமான நடையில், ஒன்றுவிடாமல் விரித்து, பெரிய கருத்துரைகளும் சேர்த்து எழுதிப் பார்க்குமாறு ஜான்சன் பின்னர் நண்பரிடம் வேடிக்கையாகச் சொன்னார். சொற்களால் ஒன்றை எவ்வளவு போர்த்தலாம் என்பது அதனால் விளங்குமாம். சொன்னவை யாவும் மெய்யாகவே இருக்கலாம். நம்பி வருவோர்க்குக் காண ஒன்றுமில்லாமலும் போகலாம். பொய் சொல்லாமலே ஏமாற்ற இயலும் என்னும் இவ்வெச்சரிக்கை எழுத்தாளர் அனைவர்க்கும் உரியது. பாஸ்வெலும் இதனை உணர்ந்தவரே. இச்சிறு இடத்தைப் பற்றி மிகுதியாகச் சொல்லிவிட்டதாக அவரே எழுதுகிறார். எனினும் அவர் எழுத்து வெற்றுப் போர்வையாகிவிடவில்லை. பாறையைப் பெரிதாக்க அவர் முயலவில்லை; பாறையின்மேல் நின்ற நண்பரைக் கண்டபடி காட்டினார். எழுதுபொருள் சிறிதாயினும், உண்மையான அன்பு ஊன்றிக் கண்டதாயின் அவ்வெழுத்து நிற்கும்.

ஜான்சன் கனவுகண்ட வீடும் தோட்டமும் அங்கு எழவில்லை. 1804இல் ஒரு கலங்கரை விளக்கம் எழுந்தது. அதனைக் கட்டியவர்கள் தாமஸ் ஸ்மித்தும் இராபர்ட் ஸ்டீவன்சனும். பின்னவரின் பெயரர் பிற்காலத்தில் தீவுக்கதை எழுதிப் புகழ்பெற்றார்.

பத்தாண்டு நிறைவில் ஓர் இலக்கிய வட்டம் தொகுத்துவைக்க வேண்டியவை மேடையுரைகளும் தீர்மானங்களும் மட்டுமல்ல. உறுப்பினர் ஒருவர் மற்றவரைப் பற்றி எழுதிவைக்கும் சிறு குறிப்பும் அவ்வட்டத்தின் வரலாறே ஆகும். பெரியோர் தம் நூலில் தாமே சொல்லாது விடும் நகையும் கனவும் உடனிருந்த நண்பரிடமே உள்ளன. அவர் எழுதாவிடின் எழுதுவார் வேறு எவருமிலர். இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் அருகிருப்பவரைக் கண்ணெதிர்த் தீவாக விட்டுவிடாது, சென்று கண்டு, கண்டதை எழுதி வைப்பார்களாக.