செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்வோம்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நபி (ஸல்) அவர்கள் மீது உண்டாவதாக.

அன்புக்குரிய இளைஞர்களே, பெற்றோர்களே! 2020 டிசம்பரில் நமது மாகாணத்தின் கேகாலைக்கு அருகே ஹெட்டிமுல்லையில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். தேனும் சாதிக்காயும் சேர்ந்த ஒரு பாணி கொரோனாவைப் போக்கும் என்ற செய்தி பரவியது. கூட்டம் கூடலாகாத காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அங்கு திரண்டனர். அன்றைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி அவர்களும் பாணியைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கும் தொற்று உறுதியானது.

இதைக் கேட்டு நகைப்பது எளிது. ஆனால், ஒருவர் நோயுற்றதை மட்டும் வைத்து மருந்தைப் பொய்யென்பதும், ஒருவர் குணமடைந்ததை மட்டும் வைத்து அதை மெய்யென்பதும் ஒரே வகைத் தவறாகும். அருந்திய பலரையும் அருந்தாத பலரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே ஆய்வு. அது முடியுமுன்னரே மக்கள் வரிசையில் நின்றுவிட்டனர்.

பொதுமக்கள் மட்டுமன்றி, ஆராய்கின்றோம் என்போரும் ஏமாறுவதுண்டு. இங்கிலாந்தின் வயல்களில் பயிர்கள் சாய்ந்து, ஒரே இரவில் பெரும் வட்டங்கள் தோன்றின. வேற்றுலகத்தாரின் வேலை என்றனர் சிலர். 1970களிலிருந்து பலகையும் கயிறும் கொண்டு இவற்றை அமைத்தோர் தாமே என டக் பவர், டேவ் சோர்லி எனும் இருவர் 1991இல் வெளிப்படுத்தினர். ஒரு பத்திரிகைக்காக அவர்கள் அமைத்த வட்டத்தைப் பார்த்த பெட் டெல்காடோ என்ற ஆய்வாளர், அது மனிதர் செய்ததன்று என்றார். உண்மை வெளியானதும் ஏமாந்ததை ஒப்புக்கொண்டார். அற்புதத்தைக் காணும் ஆவலே அவரது கண்ணை மறைத்தது.

நபி (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் மரணித்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவரது மரணத்திற்காகவே சூரியன் மறைந்தது என மக்கள் பேசினர். நபியவர்கள் மௌனமாக இருந்திருந்தால் அது அவர்களுக்குப் பெருமையாகவே முடிந்திருக்கும். ஆயினும், எவரது இறப்புக்காகவோ வாழ்வுக்காகவோ கிரகணம் ஏற்படுவதில்லை என்று உடனே திருத்தினார்கள். நமக்குச் சாதகமான செய்தியைத்தான் நாம் அதிகம் ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கொண்டுவரப்படும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளுமாறு ஸூரதுல் ஹுஜுராத் நமக்குக் கட்டளையிடுகின்றது.

பெற்றோர்களே! இரத்தினபுரியிலும் கேகாலையிலும் டெங்குவும் எலிக்காய்ச்சலும் உயிர்களைப் பறிப்பவை. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால், பப்பாளி இலைச்சாற்றை நம்பி நாட்களைக் கடத்தாதீர்கள். தோட்டத்திலிருந்து தூரமாயினும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இளைஞர்களே! கைத்தொலைபேசியில் வந்ததைப் பிறருக்கு அனுப்புமுன் கேளுங்கள்: சொன்னவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும்? இது பொய்யாயின் அதை எவ்வாறு கண்டறியலாம்? விடை கிடைக்காதவிடத்து, உங்கள் கையிலேயே அது நிற்கட்டும். உங்கள் பெயரில் போகும் செய்தியை நம்பி ஒரு தாய் தன் பிள்ளைக்கு மருந்து கொடுக்கக்கூடும்.

உண்மையை உண்மையாகக் கண்டு பின்பற்ற அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.